பல் நாற்காலியில் பயமா? டெல்டாவில் கிடைக்கும் அரைமயக்க முறைகள்: ஒரு மதிப்பீடு

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் பல் கிளினிக் பலகைகளில் 'வலியில்லா சிகிச்சை' என்ற வரி கண்ணில் படும். அந்த ஒரே வரிக்குப் பின்னால் கிடைக்கும் சேவை கிளினிக்குக்குக் கிளினிக் வேறு. ஓரிடத்தில் அது மரத்துப்போகும் ஊசி மட்டும். இன்னோரிடத்தில் மூக்கு வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற கேஸ். வேறோரிடத்தில் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வரச் சொல்லும் மாத்திரை. சில இடங்களில் மயக்க மருந்து டாக்டரை வரவழைத்து, கையில் ஊசி ஏற்றி அரைமயக்கம் கொடுக்கிறார்கள். செலவு, ஆபத்து, வீடு திரும்பும் விதம் என்று எல்லாவற்றிலும் இவை ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயந்த சுபாவமுள்ள பெரியவர்களுக்கும், சொன்னபடி மூக்கால் மூச்சு விடத் தெரிந்த பிள்ளைகளுக்கும் முதல் தேர்வு கேஸ்தான். ஊசி வழி அரைமயக்கம் அருமையான சேவை. ஆனால் பல்லைப் பார்க்க ஒருவர், மூச்சைப் பார்க்க இன்னொருவர் என்று இரண்டு டாக்டர்கள் இருந்தால் மட்டுமே அதற்கு ஒத்துக்கொள்ளுங்கள். மாத்திரை இரண்டாம் பட்சம். பிள்ளைக்கு வீட்டிலேயே தூக்க சிரப் கொடுத்து அழைத்து வரச் சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

ஆள் கணக்கில் ஏன் இவ்வளவு கறார்? காலிலோ வயிற்றிலோ அறுவை நடக்கும்போது நோயாளியின் வாயும் மூக்கும் மயக்க மருந்து டாக்டரின் கைவசம் இருக்கும். பல் சிகிச்சையில் மூச்சு போகிற வழியிலேயே இன்னொரு டாக்டர் வேலை செய்கிறார். டிரில்லிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ரத்தம் கசிகிறது, பஞ்சு இருக்கிறது, உடைந்த பல் துண்டும் இருக்கலாம். மயக்கம் ஒரு படி கூடிப்போய் இருமுகிற சக்தி குறைந்தால் இவை அத்தனையும் தொண்டைக்குள் இறங்கும். அதனால் பல் நாற்காலியில் கொடுக்கும் மயக்கத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு: பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வர வேண்டும். பதில் வராத அளவுக்கு ஆழமாகப் போகும் மயக்கத்தை ஆபரேஷன் தியேட்டரில்தான் கொடுக்க வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி

இதைத் தனிச் சேவையாகவே மதிப்பிட வேண்டும். இது சரியில்லாத கிளினிக்கில் மற்ற எதுவும் எடுபடாது. மிடாசோலம் போன்ற மயக்க மருந்துகளுக்கு வலியை நிறுத்தும் குணமே கிடையாது. கேஸுக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் கடவாய்ப்பல் பிடுங்கும் அளவுக்குப் போதாது. வலிக்கு ஊசி, பயத்துக்கு மயக்கம் என்று இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை நிம்மதியாக நடக்கும்.

நம் ஊர்க் கிளினிக்குகளில் வழக்கமாகப் போடுவது 2 சதவீத லிக்னோகெயின். அதில் 80,000-ல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்திருக்கும். ஊசி வலிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஊசியின் முனையைவிட மருந்தைத் தள்ளும் வேகம்தான். 1 மி.லி. மருந்து உள்ளே போக ஒரு நிமிடம் ஆக வேண்டும். அதற்கு முன்னால் ஈறைப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, மரத்துப்போகும் ஜெல் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். எச்சில் ஈரத்தின் மேல் தடவிய ஜெல் வழிந்து நாக்கைத்தான் மரக்கவைக்கும். மேல் அண்ணத்தில் போடும் ஊசி யார் போட்டாலும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், ஏனென்றால் அங்கே சதை எலும்போடு ஒட்டியிருப்பதால் மருந்து பரவ இடமில்லை. நல்ல டாக்டர் முதலில் பக்கத்துச் சதையை மரக்கவைத்துவிட்டு, பிறகு அண்ணத்துக்குப் போவார்.

கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்து உதடும் முகவாயும் தடித்துப்போன மாதிரி இருக்க வேண்டும். பத்து நிமிடமாகியும் உதடு மரக்கவில்லை என்றால் ஊசி இடத்தில் சேரவில்லை என்று அர்த்தம். அதைச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. போட்ட உடனே நெஞ்சு படபடவென்று அடித்தால் அது அட்ரினலினின் வேலை, ஓரிரு நிமிடத்தில் அடங்கும். இதை முன்கூட்டியே சொல்லாத கிளினிக்கில் நோயாளி 'எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது' என்று வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பார்.

சீழ் பிடித்து, ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறிக்கிற பல்லில் ஊசி சரியாகப் பிடிக்காது. அழற்சி உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அந்தச் சூழலில் மருந்து நரம்புக்குள் நுழையக்கூடிய வடிவத்துக்கு மாறுவது குறைகிறது. முகம் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போவது என்ற பழக்கமே பலருடைய பயத்துக்கு வேர்: வலிக்கிற நிலையில் போகிறார்கள், ஊசி பிடிக்கவில்லை, பயம் இரட்டிப்பாகிறது. இப்படிப்பட்ட பல்லுக்கு சீழை முதலில் வடியவிடுவது, ஆர்ட்டிகெயின் என்ற இன்னொரு மரத்துப்போகும் மருந்தை 4 சதவீத அளவில் கூடுதலாகப் போடுவது, பல்லைப் பிடித்திருக்கும் ஜவ்வுக்குள் நேரடியாகச் சில துளி செலுத்துவது என்று வழிகள் இருக்கின்றன. 'பிடிக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அது நல்ல கிளினிக்.

யாருக்கு அரைமயக்கம் தேவை

பல் பயத்தை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாள் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது, டிரில் வைக்கும்போது, பல் சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம். அந்த ஆளிடம் 'ஒண்ணுமில்லைங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று சொல்வதில் பயனில்லை. இந்தத் தாளைத் தமிழில் வைத்திருக்கிற கிளினிக் பயத்தை ஒரு நோய்க்குறியாக மதிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பயத்தோடு குமட்டல் அதிகம் உள்ளவர்கள், அதாவது பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி வாயில் போனதுமே ஓங்கரிப்பவர்கள், எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் கேஸால் பலன் பெறுவார்கள்.

கேஸ்

நைட்ரஸ் ஆக்ஸைடு பல் வைத்தியத்தில் நுழைந்தது 1844 டிசம்பரில். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் இந்தக் கேஸைச் சுவாசித்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கவைத்துப் பார்த்தார். 1772-ல் ஜோசஃப் பிரீஸ்ட்லி கண்டறிந்த வாயு அது. இன்று கொடுக்கும் முறைக்கும் அன்றையதற்கும் பெரிய வித்தியாசம், இப்போது கூடவே ஆக்ஸிஜன் போகிறது என்பதுதான்.

மெஷினில் இரண்டு சிலிண்டர்கள். கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் உள்ளது ஆக்ஸிஜன், நீலம் நைட்ரஸ் ஆக்ஸைடு. முதலில் மூக்கின் மேல் மாஸ்க்கை வைத்து வெறும் ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர் வரை தேவைப்படும். பிறகு நைட்ரஸை 10 சதவீதம் சேர்த்து, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி அதே அளவு, அதற்கடுத்து 5 சதவீதப் படிகளாக என்று ஏற்ற வேண்டும். பெரும்பாலானோருக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் வேலை முடிந்துவிடும். விரல் நுனியும் காலும் குறுகுறுக்கும், உடம்பு கதகதப்பாகும், கை நாற்காலிப் பிடியை விட்டுவிட்டுத் தானாக மடியில் சரியும். அதுதான் சரியான இடம். நல்ல மெஷின் எவ்வளவு திருகினாலும் ஆக்ஸிஜனை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாது. ஆக்ஸிஜன் தீர்ந்தால் நைட்ரஸும் தானாக நின்றுவிடும். இந்த இரண்டு பாதுகாப்பும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

மெஷினில் தொங்கும் ரப்பர் பையைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது பை சுருங்க வேண்டும், விடும்போது உப்ப வேண்டும், எப்போதும் முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும். பை ஒட்டிப்போய்க் கிடந்தால் கேஸின் ஓட்டம் போதவில்லை. விம்மி நின்றபடியே இருந்தால் ஓட்டம் அதிகம். அசையாமல் தொங்கினால் நோயாளி வாயால் மூச்சு விடுகிறார், கேஸ் அறைக்குத்தான் போகிறது. 'எனக்குக் கேஸ் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இந்த மூன்றாவதுதான். பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கும் அழுகிற பிள்ளைகளுக்கும் இதனால்தான் பலிப்பதில்லை. மார்கழிப் பனியில் மூக்கடைத்துக்கொண்டு வருபவர்கள் தேதியை மாற்றிக்கொள்வது நல்லது.

அளவு மீறினால் அறிகுறிகள் உடனே தெரியும்: குமட்டல், வியர்வை, பேச்சு குழறுவது, முக்கியமாக வாய் தானாக மூடிக்கொள்வது. சில கிளினிக்குகளில் வாயைத் திறந்தே வைக்க ரப்பர்க் கட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். அது டாக்டருக்கு வசதி, ஆனால் வாய் மூடிக்கொள்ளும் என்ற எச்சரிக்கையை மறைத்துவிடும். கட்டை வைத்தால் அடிக்கடி பேச்சுக் கொடுக்கிற ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் குறைந்தது ஐந்து நிமிடம் முழு ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். நைட்ரஸ் ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வேகமாக வெளியேறும்போது அங்கே இருக்கும் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். இந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்கினால் தலைவலியும் கிறுகிறுப்பும்தான் மிச்சம். கூட்டம் அதிகமான மாலை நேரங்களில் முதலில் வெட்டு விழுவது இங்கேதான். மதிப்பெண் போடும்போது இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம் வெயில். நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. அதன் மேல் இருக்கும் ஆவியின் அழுத்தத்தைத்தான் மீட்டர் காட்டும். திரவம் தீரும் வரை முள் ஒரே இடத்தில் நிற்கும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரை எடை போட வேண்டும். 36.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த வாயு திரவமாகவே இருக்காது. தஞ்சாவூரில் மே மாதத்தில் மாடி ஷெட்டில் வைத்த சிலிண்டர் அந்த வெப்பத்தைச் சுலபமாகத் தாண்டும், அழுத்தமும் ஏறும். வெப்ப நாடுகளில் சிலிண்டரைக் குறைத்து நிரப்புவதற்குக் காரணமும் அதுதான். சிலிண்டர் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், சங்கிலி போட்டு நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்தக் கிளினிக்கின் ஒழுங்கு புரிந்துவிடும்.

யாருக்குக் கூடாது? கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், அண்மையில் காதில் ஆபரேஷன், கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து விழித்திரை ஆபரேஷன், கடுமையான நுரையீரல் நோய். இவற்றோடு வைட்டமின் பி12 குறைபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு உடம்பில் இருக்கும் பி12-ஐச் செயலிழக்கச் செய்யும். வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்புண்டு. ரூட் கெனாலுக்கு வாரம் ஒருமுறை என்று பல தடவை கேஸ் எடுக்கப் போகிறவர்கள் முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும்.

இன்னும் இரண்டு குறைகள். மேல் முன்பற்களில் வேலை என்றால் மூக்கு மாஸ்க் டாக்டரின் கைக்கு இடைஞ்சலாக இருக்கும். இரண்டாவது, வெளியேறும் கேஸை உறிஞ்சி வெளியே அனுப்ப ஏற்பாடு இல்லாத அறையில் நாள் முழுக்க நிற்கும் உதவியாளர்களுக்கு அது கெடுதல், குறிப்பாகக் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு. உறிஞ்சும் குழாய் நிமிடத்துக்கு 45 லிட்டர் அளவுக்கு இழுக்க வேண்டும். நாற்காலியில் ஒரு மணி நேரம் இருக்கிற உங்களுக்கு அது தெரியாது, அங்கேயே வேலை செய்கிற பெண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவு இருந்தும் ஏன் கேஸுக்கு முதலிடம்? ஏற்றுவதும் இறக்குவதும் நிமிடக் கணக்கில் நடக்கும். வெறும் வயிறாக வரத் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் போதும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தெளிவாக எழுந்து போகலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறைந்த நம் ஊர்களுக்கு இது சின்ன வசதி இல்லை.

மாத்திரை

சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால் டயஸிபாம் 5 அல்லது 10 மி.கி., சிலருக்கு முதல் நாள் இரவும் ஒன்று. அல்லது அல்பிரஸோலம் 0.25 முதல் 0.5 மி.கி. செலவு குறைவு, மெஷின் வேண்டாம், சின்ன ஊர்க் கிளினிக்கிலும் முடியும். குறை என்னவென்றால், விழுங்கிய பிறகு கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒரே 5 மி.கி. ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, அதே எடையுள்ள இன்னொருவரைத் தூங்கவைத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மருந்து ஏற நேரமாகும்; 'வேலை செய்யவில்லையே' என்று இரண்டாவது மாத்திரை போட்டுக்கொள்வதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. ஒருபோதும் செய்யாதீர்கள்.

டயஸிபாம் உடம்பை விட்டு லேசில் போகாது. அதிலிருந்து உண்டாகும் துணைப்பொருளும் மயக்கம் தரக்கூடியது, நாட்கணக்கில் தங்கும். மறுநாள் காலையிலும் டூவீலர் எடுக்கக் கூடாது. எழுபது வயதுக்காரர் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுவது இந்த மாத்திரையின் அறியப்பட்ட ஆபத்து. இன்னொரு முக்கியமான விஷயம்: பல் வீக்கத்துக்கு எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு அல்பிரஸோலம், மிடாசோலம் இரண்டும் ரத்தத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சேரும். தோலில் வரும் படைக்கு இட்ராகோனசோல் சாப்பிடுபவர்களுக்கும் இதே கதை. வேறு டாக்டர் எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். முதல் நாள் இரவு குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

டயஸிபாம், அல்பிரஸோலம் இரண்டும் எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது விற்பனைக்குக் கட்டுப்பாடு உள்ளவை. சீட்டு இல்லாமல் மெடிக்கலில் தரக் கூடாது, சீட்டுக்குத் தந்தாலும் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 'அங்கே பக்கத்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்' என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பும் கிளினிக்குக்கு எங்களிடம் மதிப்பெண் பூஜ்யம்.

ஊசி வழி அரைமயக்கம்

எலும்புக்குள் புதைந்த ஞானப்பல், ஒரே அமர்வில் செயற்கைப் பல்லுக்கு நாலைந்து இம்பிளான்ட், கேஸுக்கும் அடங்காத பயம் என்று வரும்போது இதற்கு ஈடில்லை. கை நரம்பில் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாயைப் போட்டு மிடாசோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள்: 1 மி.கி. கொடுத்து, இரண்டு நிமிடம் பார்த்து, மறுபடி. இமை பாதி இறங்கி, பேச்சு மெதுவாகும்போது நிறுத்த வேண்டும். வயதானவர்களுக்கு 0.5 மி.கி. படியாகத்தான் ஏற்ற வேண்டும். மொத்தமும் மிகக் குறைவாகவே தேவைப்படும். அதை ஒரே தள்ளாகத் தள்ளினால் மூச்சு நின்றுபோகலாம். இந்த மருந்தின் பெரிய வரம் மறதி: நடந்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. அதனாலேயே சிகிச்சைக்குப் பின் சொல்லும் எந்த அறிவுரையும் நினைவில் இருக்காது. துணைக்கு வந்தவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்மதக் கையெழுத்தையும் ஊசிக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மயக்க மருந்தையும் இப்போது பயன்படுத்துகிறார்கள். பத்து நிமிடத்தில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று மெல்ல ஏற்றுவது. மூச்சை அதிகம் அடக்காது, ஆனால் நாடித்துடிப்பும் பிரஷரும் இறங்கும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து என்றால் மயக்க மருந்து டாக்டர் இல்லாமல் பேச்சுக்கே இடமில்லை.

அறையில் இருக்க வேண்டியவை: விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர், தானாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கும் கருவி, முழு ஆக்ஸிஜன் சிலிண்டர், முகத்தில் அழுத்திக் காற்றடிக்கும் அம்பு பேக், எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்ச, மின்சாரம் போனாலும் ஓடும் சக்‌ஷன், மிடாசோலத்தின் மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்தான ஃப்ளூமாஸெனில். விரல் மீட்டர் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். கூடவே ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு குறைந்த பிறகும் அந்த எண் கொஞ்ச நேரம் 98, 99 என்றே நிற்கும். அது விழத் தொடங்கும்போது தாமதமாகியிருக்கும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் மூச்சு நின்ற அந்தக் கணமே திரையில் கோடு படுத்துவிடும். அது இருக்கும் கிளினிக்குக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். அடர்ந்த நெயில் பாலிஷை ஒரு விரலிலாவது எடுத்துவிட்டுப் போங்கள்.

ஃப்ளூமாஸெனில் போட்டதும் ஆள் விழித்துக்கொள்வார். ஆனால் அந்த மருந்தின் வீரியம் மிடாசோலத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிறகு மயக்கம் திரும்பலாம். 'மாற்று ஊசி போட்டுவிட்டோம், உடனே கூட்டிப் போகலாம்' என்று ஒரு கிளினிக் சொன்னால் நம்பாதீர்கள். அங்கேயே இன்னும் இரண்டு மணி நேரம் படுத்திருக்கட்டும்.

வெறும் வயிறு விஷயத்தில் நம் பக்கம் திரும்பத் திரும்ப ஒரு தவறு நடக்கிறது. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி. காலையில் ஒரு டம்ளர் டிகிரி காபி மட்டும் குடித்தேன் என்பவர் வெறும் வயிற்றோடு வரவில்லை. பால் சேர்ந்தது எதுவும் ஆறு மணி நேரக் கணக்கில் வரும், மோரும்தான். சர்க்கரை நோயாளிகள் சாப்பிடாமல் வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டால் சுகர் இறங்கிவிடும். அன்றைய அளவை முன்கூட்டியே கேட்டு, காலையின் முதல் நேரத்தை வாங்க வேண்டும். பிரஷர் 180-க்கு 110-ஐத் தாண்டினால் அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற டாக்டர் உங்களுக்கு நல்லது செய்கிறார்.

டெல்டாவில் இதற்கு மேல் ஒரு சோதனை கட்டாயம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் பல வருஷமாக மெல்பவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்சதை இறுகி, வாய் திறப்பு குறைந்துபோயிருக்கும். அப்படிச் செய்வது பாக்குதான். நடு மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு விரல்தான் போகிறது என்றால் அவசரத்தில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது கஷ்டம். அவருக்குக் கிளினிக் நாற்காலியில் ஊசி மயக்கம் கூடாது, மருத்துவமனைதான். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கென்று எழுபவர்களுக்கும் அப்படியே. இந்த இரண்டையும் கேட்காமல் தேதி கொடுக்கும் கிளினிக்கை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

துணைக்கு ஒரு பெரியவர் வர வேண்டும், அன்று இரவு கூடவே இருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே போவது என்ற திட்டம் உதவாது. கார் ஏற்பாடு செய்யுங்கள், அல்லது தங்குங்கள். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, அடுப்படி வேலை, பம்ப்செட் சுவிட்சில் கை வைப்பது, பத்திரத்தில் கையெழுத்து எதுவும் கூடாது.

பிள்ளைகளுக்கு

கேஸுக்கு ஒத்துழைக்காத சின்னப் பிள்ளைகளுக்கு மிடாசோலம் சிரப் கிலோவுக்கு சுமார் 0.5 மி.கி. என்று கிளினிக்கிலேயே எடை பார்த்துக் கொடுக்கலாம். இருபது முப்பது நிமிடத்தில் வேலை செய்யும். சில பிள்ளைகளுக்கு இது நேர்மாறாகத் திரும்பி, கத்தல், அடி, அழுகை என்று ஆகிவிடும். பெற்றோர் தங்கள் வளர்ப்பைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம், மருந்தின் அறியப்பட்ட விளைவு அது.

ட்ரைக்ளோஃபாஸ் என்ற தூக்க சிரப்பைப் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. எப்போது ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணிக்க முடியாது. மாற்று மருந்தும் இல்லை. இதை வீட்டில் கொடுத்துவிட்டு மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் அம்மா மடியில் பிள்ளையைச் சாய்த்துக் கொண்டுவந்தால், தூங்கும் பிள்ளையின் தலை முன்னால் மடங்கி முகவாய் நெஞ்சில் படும். அந்த நிலையிலேயே மூச்சுக்குழாய் அடைபடும், சத்தமே வராது. திரும்பும் வழியிலும் இதே ஆபத்து. எந்த மயக்க மருந்தும் கண்காணிக்கிற ஆள் இருக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

மரத்துப்போகும் ஊசியின் அளவும் பிள்ளைகளிடம் கண்டிப்பானது. லிக்னோகெயின் கிலோவுக்கு 4.4 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. 15 கிலோ பிள்ளைக்கு 66 மி.கி.; 2 சதவீத மருந்தில் அது 3.3 மி.லி. மட்டுமே. மயக்கத்தில் இருக்கும்போதே நான்கு மூலையிலும் வேலையை முடித்துவிடலாம் என்று நான்கு பக்கமும் ஊசி போட்டால் இந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும், இரண்டு மருந்தும் சேர்ந்து மூளையை அடக்கும். எத்தனை மி.லி. போட்டீர்கள் என்று கேட்டு சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு சொத்தைப் பற்கள், அல்லது மன வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளை என்றால், ஐந்தாறு தடவை அழவைத்து அழைத்து வருவதைவிட ஆபரேஷன் தியேட்டரில் முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிப்பதுதான் மனிதாபிமானம். மூக்கு வழியாக டியூப், தொண்டையில் ஈரத் துணித் திரி. அந்தத் திரியை வைத்ததையும் எடுத்ததையும் பலகையில் எழுதும் வழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். எடுக்க மறந்த திரி மூச்சை அடைக்கும்.

பில், இடம்

மயக்க மருந்து டாக்டரின் கட்டணம், மருந்து, கண்காணிப்பு, பல் வேலை நான்கையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். கேஸுக்கு மணிக்கணக்கா, அமர்வுக்கு இவ்வளவா என்பதும் முன்பே தெரிய வேண்டும். மயக்க மருந்து டாக்டர் வரும் நாளில்தான் ஊசி மயக்கம் என்று சொல்லும் கிளினிக்கை நம்பலாம். எந்த நாளிலும், எந்த நேரத்திலும் நாங்களே கொடுத்துவிடுவோம் என்பவர்களிடம் மூச்சை யார் பார்ப்பார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

தனியார் செலவு தாங்காதவர்களுக்கு சிதம்பரத்தில் 1980-ல் இராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கி, இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மயக்க மருந்துத் துறை உண்டு. முழு மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்க மருந்து டாக்டரின் முன்பரிசோதனை எல்லாம் வேறொரு நாளில் நடக்கலாம். ஓபி சீட்டு வாங்கும்போதே அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் வேதாரண்யத்திலிருந்து ஒரு தடவை வீணாக வந்து போவது மிச்சம்.